மேல்வீட்டு மடிப்பக்கா

மடிப்பக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள், பெரிய ஓட்டலின் சலவை அறையில் அவளோடு வேலை பார்த்த பெண்கள். வைத்ததில் தப்பே இல்லை. கசங்கிய துணி ஒன்று கண்ணில் பட்டால் போதும், அவள் கை சும்மா இருக்காது. ஓட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள், சரி, அது வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. பல் டாக்டரிடம் போய்க் காத்திருக்கும்போது, பக்கத்து நாற்காலியில் யாரோ விட்டுப்போன துண்டை எடுத்து மடித்து வைப்பாளா ஒருத்தி? இவள் வைத்தாள். பல்வலியோடு வைத்தாள்.

"ஒரு நாள் என்னையும் நாலா மடிச்சு அலமாரியில வச்சிடப் போறா" என்பான் அவள் புருஷன். அவன் பெயின்டர். சுவருக்கு வண்ணம் பூசுகிறவன். நல்ல மனிதன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

இந்த இரண்டு பேர் சம்பாத்தியத்தில், ஒரு மகளோடு, மாடி வீடு ஒன்றில் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு துண்டு மொட்டை மாடி. மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவிலேயே. மணி அடித்த பிறகு கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள். அப்படித்தான் தினமும் கிளம்பவும் செய்தாள்.

கெட்ட காலம் தனியாகவா வருகிறது? ஓட்டலை மராமத்துக்காக மூடினார்கள். "திறக்கறப்போ கூப்பிடறோம்" என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். சரி, அவன் சம்பாத்தியத்தில் சமாளிக்கலாம் என்று பார்த்தால், அவன் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டு வந்தான். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கியவன் சொன்ன முதல் வார்த்தை, "பக்கெட் கவிழலடி, பெயின்ட் முழுசா இருக்கு." அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வாடகை நின்றது. ஒரு மாதம் நின்றது, அடுத்த மாதமும் நின்றது, மூன்றாவது மாதம் நிற்கும்போது வீட்டுக்காரம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழ்வீட்டில் தனியாக இருக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்தாகிவிட்டது, மகன் வேறெங்கோ. அவள் குரல் இருக்கிறதே, அது குரல் அல்ல, ஒலிபெருக்கி. தெருமுனையில் இருக்கிற கடைக்காரனிடம் வீட்டு வாசலில் நின்றபடியே சாமான் சொல்லுவாள், அவனும் சரியாகக் கொண்டுவந்து கொடுப்பான். யாருடைய சங்கதியாக இருந்தாலும் அவள் வாயில் விழுந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரிதான். மாடிப்படி அவள் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் ஏறும். வேறு வழி கிடையாது.

மடிப்பக்காவுக்குப் பசியைவிட அந்தக் குரல்தான் பயம். "வாடகை எங்கடி?" என்று அவள் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால், எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும், பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும், மகளின் வகுப்புப் பிள்ளைகள் காதில் விழும். அதனால் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஏறினாள். வெயிலில் அந்த சிமென்ட் படி தோசைக்கல் மாதிரி சுடும். சுடட்டும்.

ஆனாலும் ஒரு நாள் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆச்சரியம், அன்றைக்குக் குரலை உயர்த்தவில்லை.

"இங்க பாரு. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எம்மவன் வேற ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

"சரிம்மா" என்றாள் இவள். வேறு என்ன சொல்வாள்?

மகளுக்குக் கடைசிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் வீட்டைக் காலி பண்ணினால் எங்கே போவது? தங்கை வீட்டில் தங்கலாம்தான், அது பஸ் மாறி பஸ் ஏறிப் போகும் தூரம், அவள் வீட்டிலேயே ஆறு தலை.

உதவி கேட்கக் கிளம்பினாள் பாருங்கள், அது ஒரு தனிக் கூத்து. உதவி எண் ஒன்று இருக்கிறது என்றார்கள். போன் போட்டாள். ஒரு இனிமையான குரல் "காத்திருங்கள்" என்றது, அப்புறம் பாட்டுப் போட்டது. பாட்டு நல்ல பாட்டு. கேட்டுக்கொண்டே இருந்தாள், போனில் காசு தீரும் வரைக்கும். நகர அலுவலகத்துக்குப் போனாள். இந்த ஜன்னல் இல்லை, அந்த ஜன்னல் என்றார்கள். அந்த ஜன்னலில் இருந்தவர், "இது வீடு கட்டறவங்களுக்கும்மா. வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்றார். வீடு கட்டுகிறவனுக்கு உதவியாம், வாடகை கட்டுகிறவனுக்கு இல்லையாம். என்ன நியாயமோ!

கடைசியில் வழி காட்டியவர் மருந்துக்கடைக்காரர். புருஷன் தோளுக்குத் தைலம் கடனாகக் கேட்கப் போனவளின் முகத்தைப் பார்த்தவர், தைலத்தைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நூலகத்துக்குப் பின்னாடி ஒரு கூடம் இருக்கு. செவ்வாயும் வெள்ளியும் அங்க உட்கார்றாங்க. வாடகை கட்ட முடியாம வீடு போற நிலைமையில இருக்கறவங்களுக்கு ஒரு நிதி வச்சிருக்காங்க. என் கடைப் பையன் வீட்டுக்குக் குடுத்தாங்க. போய்க் கேளுங்க."

அந்த மனிதருக்கு நூறு வயசு ஆயுசு கொடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான்.

செவ்வாய்க்கிழமை போனாள். நீளமான கூடம். ஒரு மூலையில் வாடகை உதவி மேசை, அதில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். முன்னால் வரிசை. இன்னொரு பக்கம் நீளமான மேசையில், ஊர் ஜனங்கள் தானமாகக் கொடுத்த துணிகள். துணியா அது? மலை! சட்டையும் பாவாடையும் குழந்தைத் துணியும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கிடந்தன. வேண்டியவர்கள் கிளறிக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் நின்ற மடிப்பக்காவின் கண் அங்கேதான் போனது. பார்க்காதே என்று தலையைத் திருப்பினாள். மறுபடி போனது. ஒரே ஒரு சட்டை, கை உள்ளே போய், காலர் திரும்பி, பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்றை மட்டும் என்று எட்டி எடுத்தாள். உதறினாள். மடித்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்தது. அப்புறம் அதன் பக்கத்தில் இருந்தது. வரிசை நகர்ந்து போனதுகூடத் தெரியவில்லை.

"அடேங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து தொங்க, பெருத்த உடம்போடு ஒருவர் நின்றிருந்தார். கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லாரும் அவரைச் சாவி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். "புதுசா வந்த தொண்டரா? நல்லாயிருப்பீங்க தாயி! ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டு இருந்தேன்!"

இவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பச்சை ஏப்ரனைத் தலைவழியாக மாட்டிவிட்டார். பின்னால் முடிச்சும் போட்டுவிட்டார். "இல்லண்ணா, நான் வந்து..." என்று இழுத்தாள். "கூச்சப்படாதீங்க, டீ வரும்" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் பிச்சை கேட்க வந்தவள் என்று அப்போது எப்படிச் சொல்வது? சொல்லுங்கள் பார்ப்போம். ஒருவர் முகமெல்லாம் பல்லாக உங்களை வாழ்த்திவிட்டுப் போகிறார். அவர் பின்னால் ஓடிப்போய், ஐயா நான் கொடுக்க வந்தவள் இல்லை, வாங்க வந்தவள் என்று சொல்ல நாக்கு எழும்புமா? அவளுக்கு எழும்பவில்லை. கூடம் மூடும் வரை மடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"என்னாச்சு?" என்றான் புருஷன்.

"கூட்டம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க."

கட்டிய கையோடு அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "கூட்டத்துல நின்னவ முகத்துல எப்படிடி இவ்வளவு திருப்தி?" என்றான்.

வெள்ளிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். இன்றைக்கு எதுவந்தாலும் நேரே கண்ணாடிப் பெண்ணிடம்தான் என்று. வாசலிலேயே சாவி அண்ணன் பிடித்துக்கொண்டார். "இவங்க வந்த பிறகுதான் இந்த மேசை மேசையா இருக்கு" என்று நாலு பேருக்கு அறிமுகம் செய்தார். ஏப்ரன் தலையில் இறங்கியது. போச்சு!

மதியம் வாக்கில் ஒரு ஆள் துணி மேசைக்கு வந்தான். பஸ் கழுவுகிறவன், முழங்கால் வரை நனைந்த பேன்ட்டிலேயே தெரிந்தது. ஒரே சட்டையை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். அவன் கண் சட்டையில் இல்லை. வாடகை மேசையில் இருந்தது.

"அளவு பாக்கணுமாண்ணா?" என்றாள்.

"இல்லம்மா. சும்மா."

"வாடகையா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல... எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு..."

"அந்தத் தெரிஞ்சவரை எனக்கும் தெரியும்" என்றாள் மடிப்பக்கா. "இதுல வெட்கப்பட என்னண்ணா இருக்கு? உழைச்சோம், கட்டினோம். இப்ப முடியல, கேட்கறோம். அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு, அதட்டாது. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவன் சொல்லத் திணறிய இடத்தில் இவள் எடுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்து எழுந்தவன், இவளைப் பார்த்துக் கைகூப்பினான். கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அட பைத்தியக்காரி! ஊருக்கு வாய்கிழியச் சொல்கிறாயே, உனக்கு?

காலியான நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தேங்க்ஸ்க்கா, நீங்க இல்லன்னா அவரு ஓடிப்போயிருப்பாரு" என்று சிரித்தாள் கண்ணாடிப் பெண்.

"அடுத்தது நான்தாம்மா."

"எதுக்கு அடுத்தது?"

"எனக்கும் மூணு மாசம் வாடகை நிக்குது. முதல் நாளே அதுக்குத்தான் வந்தேன். துணியைப் பாத்துட்டேன்."

அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கி, இவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். ஓட்டல் மூடியது, தோள் உடைந்தது, மாசக் கடைசிக் கெடு. கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது நல்ல அறிகுறியாகப் படவில்லை.

"அக்கா, ஒரு சிக்கல். இங்க வேலை செய்யற தொண்டருக்கு இந்த நிதியில குடுக்கக் கூடாது. முன்னாடி யாரோ தங்களுக்குத் தாங்களே எடுத்துக்கிட்டதால வச்ச விதி. செவ்வாய்க்கிழமை மேற்பார்வை அம்மா வருவாங்க, அவங்கதான் முடிவு பண்ணணும். அதோட, இவ்வளவு பாக்கி இருக்குன்னு வீட்டுக்காரங்க எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். பணம் நேரா அவங்களுக்குத்தான் போகும். இந்த மாசத்துக்கு அந்தச் செவ்வாய்தான் கடைசி."

அன்று சாயங்காலம் மடிப்பக்கா கீழ்வீட்டுக் கதவைத் தானாகத் தட்டினாள். இத்தனை நாள் எந்தக் கதவுக்குப் பயந்து வெறுங்காலோடு ஏறினாளோ, அதே கதவு.

"கடிதமா?" என்றாள் வீட்டுக்காரம்மா. "நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும், நீ நாளைக்கு அதையே வச்சு என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கணும், அதானே?"

"ஐயோ, இல்லம்மா. பணம் உங்களுக்குத்தான் வரும். நூலகத்துக்குப் பின்னாடி இருக்கற கூடத்துல நிதி வச்சிருக்காங்க."

"யார் வீட்டுப் பணத்தை யாருடி சும்மா குடுப்பான்? யார்கிட்ட காது குத்தற?"

கதவு சாத்திக்கொண்டது. மாடியில் புருஷன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், கேட்காமல் இருக்க முடியுமா அந்தக் குரலை! ஒன்றும் கேலி பேசவில்லை. நல்ல கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அவன் கேலி பேசாததுதான் அவளை உடைத்துவிட்டது. மகள் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் இல்லாமலேதான் போனாள். காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று. மேற்பார்வை அம்மா வந்திருந்தாள். நரைத்த தலை, நறுக்கென்ற பேச்சு, ஆனால் கடுமை இல்லை. மடிப்பக்கா எதிரே நின்றாள். கண்ணாடிப் பெண் தன்னால் ஆனமட்டும் எடுத்துச் சொன்னாள்.

சாவி அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, தப்பு என்னோடதும்மா! அவங்க தொண்டரே இல்ல. அவங்க ஏதோ சொல்ல வந்தாங்க, நான்தான் காதுல வாங்காம ஏப்ரனை மாட்டிவிட்டேன்." அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "என்னைத் திட்டுங்க, அவங்களை விட்டுடாதீங்க."

மேற்பார்வை அம்மா யோசித்தாள். "நீங்க சொல்றது புரியுதுண்ணா. ஆனா நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்வேன்? வீடு போற நிலைமையில இருக்கற ஒரு பொம்பளை, உதவி கேட்க வந்த இடத்துல ரெண்டு நாள் வாயே திறக்காம துணி மடிச்சிட்டுப் போனாங்கன்னா, யார் நம்புவாங்க?"

"நான் நம்புவேன்!"

கூடம் அதிர்ந்தது. துணி கிளறிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். வாசலில், வீட்டுச் செருப்போடு, மூச்சு வாங்க, வீட்டுக்காரம்மா நின்றிருந்தாள். சும்மா பணம் கொடுக்கிற ஆள் யார் என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பி வந்திருக்கிறாள்.

மடிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தச் சத்தம் தெருவில் கேட்டுவிடக் கூடாது என்று மூன்று மாதம் பயந்தாளோ, அந்தச் சத்தம் இதோ, ஊரே கூடியிருக்கிற இடத்தில்.

"இவ அப்படிப்பட்டவதான்!" என்று முன்னால் வந்தாள் வீட்டுக்காரம்மா. "வாயில்லாப் பூச்சி! மூணு மாசமா வாடகை வரல. வந்து, இன்ன கஷ்டம்மான்னு ஒரு வார்த்தை சொன்னாளா? மாட்டா. என் வாசலைத் தாண்டறப்போ செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சிக்கிட்டுப் பூனை மாதிரி ஏறுவா. எனக்குக் காது கேட்காதுன்னு நினைப்பு! மூணாவது படியில பேர்ந்த கல் ஒண்ணு ஆடுமே, அது கடகடன்னுதே, அதை என்ன பண்ணுவா? கொளுத்தற வெயில்ல வெறுங்காலோட! உள்ள உட்கார்ந்திருக்கற எனக்குக் கால் சுடுது!"

ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"மேல சமைக்கற வாசனை என் ஜன்னலுக்கு வரும். முன்னாடி மூணு வேளை வரும். இப்ப ஒரு வேளைதான் வருது." குரல் முதல் முறையாகக் கொஞ்சம் கீழே இறங்கியது. "நான் ஒண்ணும் கெட்டவ இல்லைங்க. அந்த வாடகையிலதான் என் மாத்திரை வாங்கறேன். எம்மவன் என்னை நெருக்கறான். இல்லன்னா நானா கேட்பேன்? இவளா தொண்டர்? இவ வீட்டுல அரிசி டப்பாவைத் தட்டற சத்தம் எனக்குக் கேட்குதுங்க. இவளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்க?"

இத்தனை பேருக்கு நடுவில் தன் குடும்ப ரகசியம் மொத்தமும் கொட்டிக் கிடக்க, பூமி பிளந்து உள்ளே போய்விடவேண்டும் போலத்தான் மடிப்பக்காவுக்கு இருந்திருக்க வேண்டும். அவள் அப்படித்தான் எதிர்பார்த்தாள். ஆனால் பாருங்கள், நெஞ்சிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கொட்டும்போதும் அவள் கை மேசையோரம் கிடந்த ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தது. மேற்பார்வை அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"யார் நம்புவாங்கன்னு கேட்டேன், வாபஸ்" என்றாள். "அம்மா, இதை எழுதித் தருவீங்களா?"

"பேனாவைக் குடுங்க" என்றாள் வீட்டுக்காரம்மா. எழுதும்போதும் ஒவ்வொரு வார்த்தையையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

மூன்று மாதப் பாக்கியோடு, ஓட்டல் திறக்கிற வரைக்கும் இன்னொரு மாதத்தையும் சேர்த்தே எழுதினார்கள். பணம் நேராக வீட்டுக்காரம்மாவுக்குப் போகும் என்று கண்ணாடிப் பெண் மறுபடியும் விளக்கிச் சொல்ல, "ஒரு தடவை சொன்னாப் போதும், எனக்குக் காது நல்லாவே கேட்கும்" என்றாள் அவள்.

சாவி அண்ணன் ஏப்ரனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "தாயி, இனிமே இதை..." என்று இழுத்தார்.

"பணம் வந்து சேரட்டும்ணா. அப்புறம் நானே வந்து மாட்டிக்கறேன். கூப்பிட வேண்டாம்" என்றாள் மடிப்பக்கா. பின்னால் அவள் சொன்னபடியே வந்தாள். ஓட்டல் திறந்து, புருஷன் தோள் எலும்பு கூடி, எல்லாம் சரியான பிறகும் விடுமுறை நாளிலெல்லாம் வந்தாள். ஆனால் அது அப்புறம்.

அன்றைக்கு வீட்டுக்காரம்மா முன்னாலேயே பஸ் ஏறிப் போய்விட்டாள். மடிப்பக்கா நடந்து வந்தாள். வழியில் மருந்துக்கடையில் நின்று, கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். "தோள் வலி எப்படியிருக்கு?" என்று கேட்டு அவர் பேச்சை மாற்றிவிட்டார். அந்த மனிதரும், அந்தச் சின்னப் பெண்ணும், வேர்த்து விறுவிறுத்த சாவி அண்ணனும் தனக்கு எந்த ஜென்மத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் போட்ட காசு, தன் வீட்டுக் கூரையாகி நிற்கிறதே!

வீடு வந்தது. பழக்க தோஷம், கீழ்ப்படியில் குனிந்து செருப்பைக் கழற்றினாள். கையில் எடுத்தாள். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கீழே போட்டு, காலை நுழைத்து, சப் சப்பென்று சத்தம் போட்டு ஏறினாள். மூன்றாவது படியில் வேண்டுமென்றே நன்றாக மிதித்தாள். கல் கடகடவென்றது.

"யாருடி அது?" என்று உள்ளேயிருந்து ஒலிபெருக்கி.

"நான்தாம்மா!" என்றாள் மடிப்பக்கா. அவளும் உரக்கத்தான் சொன்னாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"கேட்குது, கேட்குது" என்றாள் வீட்டுக்காரம்மா. "போ. போய் அடுப்பைப் பத்த வை."